கழிசல் மீன்: முதலில் தட்டுக்கு, பிறகு தீவனத்துக்கு, கடைசியில் மண்ணுக்கு

பூந்தமல்லியை அடுத்த சென்னீர்குப்பத்தில் சில மாதங்களுக்கு முன் ஒரு விவசாயியின் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். அரை ஏக்கரில் கீரைப் பாத்தி, கொல்லையில் முப்பது நாற்பது நாட்டுக் கோழிகள். சுற்றிலும் மாடி வீடுகள் எழும்பிவிட்டாலும் அந்தக் குடும்பம் நிலத்தை விடவில்லை. கோழிக்குப் போடுவதற்காக வாங்கி வந்த உப்பில்லாக் கருவாட்டுச் சாக்கை வீட்டு அம்மாள் பிரித்துக் கொட்டினார். அவருக்குப் பிறந்த வீடு காசிமேட்டுப் பக்கம். விரலால் கிளறிக்கொண்டே அவர் சொன்னார்:

"ஐயா, இது சங்கராக் குஞ்சு. இது கத்தாளைக் குஞ்சு. விட்டிருந்தால் வளர்ந்து குழம்புக்கு ஆகியிருக்கும். என் தம்பி வலையில் மீனே விழவில்லை என்கிறான். எல்லாம் இங்கே என் கோழிக்கு வந்திருக்கிறதே!"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. நான் மீன்வளத் துறையைச் சேர்ந்தவன் அல்ல. தீவனம், எரு, சிறு விவசாயியின் வரவு செலவு ஆகியவற்றைப் பற்றியே இத்தனை ஆண்டுகளாகப் பேசி வருகிறேன். ஆனால் கடலில் வேண்டாத மீனாக ஒதுக்கப்படுவதில் ஒரு பெரும் பங்கு நம் கோழிக் கூட்டுக்கும் மீன் குட்டைக்கும்தான் வந்து சேருகிறது. வாங்குகிறவன் நாம் என்னும்போது, அதைப் பற்றிக் கருத்துச் சொல்லும் பொறுப்பும் நமக்கு உண்டு.

எது கழிசல்?

இழுவை மடி கடலின் அடித்தரையை வாரிக்கொண்டு வரும். படகுக்காரர் நாடிப் போவது இறாலை. ஆனால் மடிக்குள் இறாலோடு காரப்பொடி, தண்ணிப்பன்னா, நவரை, சிறு நண்டு, பெரிய மீன்களின் குஞ்சுகள் என்று பலதும் சேர்ந்து வரும். இதில் விலை போகாததைத்தான் துறைமுகத்தில் கழிசல் என்கிறார்கள். (கோழிக்கு வரும் கழிச்சல் நோய் வேறு, பெயர் ஒலியில் மயங்க வேண்டாம்.) அதிகாரிகளின் அறிக்கைகளில் இதற்குக் குப்பை மீன் என்றும் பெயர் உண்டு.

முன்பு இதைக் கடலிலேயே திருப்பிக் கொட்டிவிடுவார்கள். ஐஸ் பெட்டியில் இருக்கும் கொஞ்ச இடத்தை இறாலுக்கு வைத்துக்கொள்வதுதானே இலாபம்? ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, 2010 முதல் 2014 வரையிலான ஆண்டுகளில் உலகக் கடல்களில் ஆண்டுக்குச் சராசரியாக 91 லட்சம் டன் மீன் இப்படிக் கொட்டப்பட்டது. பிடித்ததில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இது. கொட்டியதில் பாதிக்குச் சற்றுக் குறைவு அடித்தரை இழுவை மடிகளின் கணக்கு.

நம் நாட்டில் கடலில் கொட்டும் வழக்கம் குறைந்து, கரைக்குக் கொண்டுவரும் வழக்கம் பெருகிவிட்டது. கோழிப் பண்ணையும் மீன், இறால் வளர்ப்பும் பெருகியதால் மீன் தூளுக்குக் கிராக்கி வந்ததே காரணம். வீண் போகாமல் பயன்பட்டால் நல்லதுதானே என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். யாருக்குப் பயன்படுகிறது, எந்த வரிசையில் பயன்படுகிறது என்று பார்த்தால் விஷயம் வேறாகத் தெரிகிறது.

பெயரில்தான் குப்பை

காரப்பொடியையோ நவரையையோ சுவையற்ற மீன் என்று யாராவது சொன்னால் நம் வீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள். சிறியது, முள் அதிகம், சீக்கிரம் கெடும், ஏற்றுமதிக்கு ஆகாது என்பவைதான் அதன் குறைகள். புரதச் சத்தில் அது வஞ்சிரத்துக்கு இளைத்ததல்ல. முள்ளோடு தின்னும் சிறு மீனில் சுண்ணாம்புச் சத்து கூடுதலாகவே கிடைக்கும். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. இரும்புச் சத்தும் புரதமும் உள்ள ஓர் உணவு, ஐஸ் இல்லாமல் அழுகிப் போய், கடைசியில் தூளாக அரைபடுகிறது. இதுதான் என் முதல் வருத்தம்.

இதை மனித உணவாக்கும் முயற்சி புதிதல்ல. 1960களில் மேல்நாட்டு விஞ்ஞானிகள் மீனிலிருந்து கொழுப்பையும் நீரையும் இரசாயனக் கரைப்பான் கொண்டு எடுத்துவிட்டு, வாசனையற்ற வெள்ளைத் தூள் செய்தார்கள். உலகப் பசியைத் தீர்த்துவிடலாம் என்று பேசினார்கள். அமெரிக்க அரசு 1967இல் அதற்கு அனுமதியும் கொடுத்தது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமும் மீன் புரதத் தூளில் ஆராய்ச்சி செய்தது. ஆனால் அந்தத் தூள் மக்களிடம் எடுபடவில்லை. செலவு அதிகம், ருசி இல்லை, மாவோடு பிசைந்தால் சேர்ந்து பிடிக்கவும் இல்லை. சத்துக் கணக்கு மட்டும் சரியாக இருந்தால் போதாது, வாய்க்குப் பிடிக்க வேண்டும் என்பது அதில் கிடைத்த பாடம்.

ஜப்பானியர் வேறு வழியில் போனார்கள். மீன் சதையைக் குளிர்ந்த நீரில் அலசிப் பிழிந்து, சர்க்கரை சேர்த்து உறைய வைத்தால் அதன் பிடிப்புத் தன்மை கெடுவதில்லை என்று ஹொக்கைடோ தீவில் 1960ஆம் ஆண்டு வாக்கில் கண்டுபிடித்தார்கள். சுரிமி என்பது இதுதான். அதுவரை மலிவாகக் கிடந்த ஒரு மீன் அதனால் பெரிய தொழிலுக்கு மூலப் பொருளாயிற்று. நம் மேற்குக் கடற்கரையிலும் 1990களிலிருந்து சுரிமித் தொழிற்சாலைகள் நடக்கின்றன. இழுவைப் படகுகள் வந்த புதிதில் மதிப்பில்லாமல் கிடந்த சங்கரா இன மீன்களே அவற்றுக்கு முக்கியமான சரக்கு.

சிறு விவசாயிக்கு இதில் என்ன?

சுரிமிக்கு நிறையக் குளிர்ந்த நீரும் பெரிய முதலீடும் வேண்டும். அது நமக்கு எட்டாது. எட்டக்கூடியவை வேறு உண்டு.

முதலாவது, மீன் கொத்து. தலை, குடல் நீக்கிக் கழுவிய சிறு மீனிலிருந்து முள்ளைப் பிரித்துச் சதையை மட்டும் வழிக்கும் இயந்திரம் இருக்கிறது. அந்தச் சதையை உருண்டையாகவும் கட்லெட்டாகவும் செய்யலாம்.

இரண்டாவது, மீன் வடகம். கொச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே பரப்பிய முறை இது. வெந்த மீன் சதை 2 பங்கு, மரவள்ளி மாவு 2 பங்கு, மக்காச்சோள மாவு 1 பங்கு, அளவாக உப்பு, தண்ணீர் சேர்த்து அரைத்துத் தட்டில் மெல்லியதாக ஊற்றி, ஆவியில் வேக வைத்து, வெட்டி உலர்த்த வேண்டும். எண்ணெயில் பொரித்தால் பூப்போல விரியும். கவனியுங்கள்: இதில் மீனைவிட மாவின் பங்குதான் அதிகம். மரவள்ளியும் மக்காச்சோளமும் விளைவிப்பவன் விவசாயி. கடலில் ஒதுக்கியதை உணவாக்கினால் காட்டில் விளைந்ததற்கும் சந்தை உண்டாகிறது.

மூன்றாவது, கரை புரதம். அரைத்த மீனோடு தண்ணீர் சேர்த்து இளஞ்சூட்டில் வைத்து, பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பேன் என்னும் நொதியைப் போட்டால், சதை ஓரிரு மணி நேரத்தில் கரைந்துவிடும். சூடேற்றி நொதியின் வேலையை நிறுத்தி, வடிகட்டி, உலர்த்தினால் எளிதில் ஜீரணமாகும் புரதத் தூள் கிடைக்கும். சூப்பிலும் சத்து மாவிலும் சேர்க்கலாம். உலர்த்தும் வேலை தொழிற்சாலையுடையதுதான். ஆனால் பப்பேன் நம் தோட்டத்துப் பொருள். கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 2, கோ 5 ஆகிய பப்பாளி ரகங்கள் பால் எடுப்பதற்கு ஏற்றவை என்பதை நம் பப்பாளி விவசாயிகள் அறிவார்கள்.

இவை தவிர, சிறு மீனை முள்ளோடு உலர்த்தித் தூளாக்கி உணவில் கலக்கும் எளிய வழியும் உண்டு. ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் அங்கன்வாடிகளில் இந்த முயற்சியைச் செய்து பார்த்திருக்கிறார்கள். மீன் உண்ணும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நம் மாநிலத்திலும் ஏன் கொடுத்துப் பார்க்கக் கூடாது?

பால் பிடிக்கும் கதிரை அறுக்கலாமா?

இனி என் இரண்டாவது, பெரிய வருத்தத்துக்கு வருகிறேன். கழிசலுக்கு விலை கூடக் கூட, தெரியாமல் மடியில் வந்து விழுந்தது என்ற நிலை மாறி, அதற்காகவே மடி போடும் நிலை வரும். அடிமடியின் கண் சிறுத்தால் கழிசல் அதிகம் கிடைக்கும். குஞ்சுகள் முட்டையிடும் பருவத்துக்கு வருமுன்னே தூளாகிவிடும். பால் பிடிக்கும் கதிரை அறுத்து மாட்டுக்குப் போடுகிறவனை ஊரில் என்ன சொல்வோம்? அதே காரியம் கடலில் நடந்தால் மட்டும் அதற்குத் தொழில் முன்னேற்றம் என்று பெயரிடலாமா?

வேண்டாத மீனைக் கடல் தந்த உபரி வரவாக எண்ணிய காலம் உண்டு. 1981 அக்டோபரில் கயானா நாட்டின் ஜார்ஜ்டவுன் நகரில் இதற்கென்றே ஓர் உலகக் கூட்டம் நடந்தது. அந்த எண்ணம் தவறல்ல, ஆனால் பாதிதான். மீதிப் பாதியை ஐரோப்பிய நாடுகள் பிறகு புரிந்துகொண்டன. பிடித்ததைக் கடலில் கொட்டக் கூடாது, கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2013இல் சட்டம் செய்து 2015 முதல் 2019 வரை படிப்படியாக அமலாக்கினார்கள். அதே சட்டத்தில், அளவுக்குக் குறைந்த மீனை மனிதர் நேரடியாக உண்ணும் உணவுக்கு விற்கக் கூடாது என்றும் விதித்தார்கள். குஞ்சு மீனுக்கு நல்ல விலை கிடைத்தால் குஞ்சையே பிடிக்கப் போவார்கள் என்ற பயம்தான் காரணம்.

நம் பக்கத்தில் கேரளம் வேறு வழியில் இதைத் தொட்டது. 2015இல் 14 வகை மீன்களுக்கு, இந்த நீளத்துக்குக் குறைந்ததைப் பிடிக்கவோ விற்கவோ கூடாது என்று அளவு வைத்தது; 2017இல் அதை 58 வகைகளுக்கு விரிவாக்கியது. தமிழ்நாட்டில் 1983இலேயே கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு ஓய்வும் உண்டு. இரண்டு மாதம் காத்து வளர்த்த குஞ்சை மூன்றாம் மாதம் சிறு கண் மடியில் வாரிவிட்டால் அந்த ஓய்வுக்கு என்ன அர்த்தம்?

குஞ்சு தப்பிப் போவதற்கான சாதனம் இல்லாமலும் இல்லை. சதுரக் கண் அடிமடி இருக்கிறது. இறாலைப் பிரித்துக்கொண்டு குஞ்சு மீனை வெளியேற்றும் சாதனத்தையும் கொச்சி நிறுவனமே உருவாக்கியிருக்கிறது.

மீனவர் மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. டீசல் செலவைக் கட்டுவதற்காகக் கழிசலைக் கொண்டுவருகிறவர்களும் அவர்களில் உண்டு. பூச்சி மருந்துக் கடனுக்காகப் பச்சைக் காயைப் பறித்து விற்ற விவசாயிக்கு அந்த நிலைமை புரியாதா? குஞ்சு தப்பும் மடிக்கு மாற அரசு மானியம் கொடுத்து, அதன்பின் சட்டத்தைக் கண்டிப்புடன் நடத்தட்டும் என்பதே என் கட்சி.

வரிசை மாற வேண்டும்

ஆகவே நான் சொல்லும் வரிசை இதுதான். பிடிபடக் கூடாத குஞ்சு, கடலிலேயே இருக்கட்டும். தவிர்க்க முடியாமல் வந்த, வளர்ந்த சிறு மீன், படகிலேயே பிரிக்கப்பட்டு ஐஸில் வைக்கப்பட்டு முதலில் மனிதன் தட்டுக்குப் போகட்டும். மனிதனுக்கு ஆகாததும், மீன் வெட்டும்போது மிஞ்சும் தலையும் குடலும் தீவனத்துக்குப் போகட்டும். அதற்கும் ஆகாதது மண்ணுக்குப் போகட்டும். இன்று இந்த வரிசை பல இடங்களில் தலைகீழாக நடக்கிறது.

ஒரு கிலோ மீன் தூளுக்கு ஏறக்குறைய 4 முதல் 5 கிலோ பச்சை மீன் வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். நாம் வாங்கும் பத்துக் கிலோத் தூளில் அரைக் குவிண்டால் மீன் அடங்கியிருக்கிறது.

நம் ஊரிலேயே கிடைக்கும் சரக்கு

சென்னீர்குப்பத்து விவசாயி கழிசலுக்காகக் காசிமேடு போக வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லி, ஆவடி, திருவேற்காடு மீன் கடைகளில் வெட்டிக் கழிக்கும் தலை, குடல், செதிள் எவ்வளவு என்று ஒருமுறை நின்று பாருங்கள். அது தெரு நாய்க்கும் கால்வாய்க்கும் போய், கூவத்தை மேலும் நாறடிக்கிறது. யாருடைய குஞ்சையும் கொல்லாத சரக்கு இது. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் இத்தகைய மீன் கழிவிலிருந்தே குளத்துக்கும் தோட்டத்துக்கும் ஆன ஊட்டப் பொருள்களைத் தயாரித்துக் காட்டியிருக்கிறது.

வீட்டளவில் செய்ய ஏற்றது அமில ஊறல். செய்முறை வருமாறு:

அன்றன்று வெட்டிய கழிவை மட்டும் எடுக்கவும். பேத்தை மீன் கலந்திருந்தால் அதைத் தனியே எடுத்துப் புதைத்துவிடவும். அதன் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. கழிவைச் சிறு துண்டுகளாக அரைத்து அல்லது நறுக்கிப் பிளாஸ்டிக் பீப்பாயில் போடவும். தகரம், இரும்பு ஆகாது. 100 கிலோ கழிவுக்கு 85 சதவிகித பார்மிக் அமிலம் 3½ கிலோ வீதம் ஊற்றி, மரத் துடுப்பால் அடிவரை கலக்கவும். கன்னியாகுமரிப் பக்கம் ரப்பர் பாலை உறைய வைக்கும் அதே அமிலம்தான் இது. தினமும் ஒரு தரம் கிளறி வந்தால், நம் வெயிலுக்கு ஒரு வாரத்தில் கூழாகக் கரைந்துவிடும். அமிலத் தாளில் கார அமில நிலை 4க்குக் கீழே இருக்க வேண்டும். ஏறியிருந்தால் இன்னும் கொஞ்சம் அமிலம் சேர்க்கவும். மூடி வைத்தால் மாதக் கணக்கில் கெடாது. அழுகல் நாற்றமும் இராது.

ஜாக்கிரதை: பார்மிக் அமிலம் தோலைச் சுடும், கண்ணில் பட்டால் ஆபத்து. ரப்பர் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில் கையாள வேண்டும். குழந்தைகள் அருகில் வரக் கூடாது.

கூழைத் தவிட்டோடு பிசைந்து வெயிலில் உலர்த்திக் கோழித் தீவனத்தில் கலக்கலாம். தீவனத்தில் மீன் பொருள், காய்ந்த எடைக்கு நூற்றுக்கு 5 பங்குக்குள் இருந்தால் போதும். அதிகமானால் முட்டையில் மீன் வாடை வரும். கறிக்கு விற்கும் கோழிக்கு விற்பதற்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடவும். கறவை மாட்டுக்கு இது வேண்டாம்.

100 கிலோ கழிவில் காய்ந்த பொருள் சுமார் 20 கிலோதான் தேறும். அமிலத்துக்கும் தவிட்டுக்கும் ஆகும் செலவைக் கூட்டி, அதே 20 கிலோ கருவாட்டின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். கழிவு இனாமாகவோ மிகச் சொற்ப விலைக்கோ கிடைத்தால்தான் கட்டும். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பீப்பாய் போட்டால் இன்னும் சுலபம்.

கீரை, காய்கறிக்கு வேண்டுவோர் அமிலத்துக்குப் பதில் கழிவும் நாட்டு வெல்லமும் சம எடை சேர்த்து மூடி, 21 நாளுக்குக் குறையாமல் புளிக்க வைத்து, லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வீதம் கலந்து உபயோகிக்கலாம். பல விவசாயிகள் அறிந்த மீன் அமிலம் இதுவே. கீரைக்கு வேரில் ஊற்றுவது நல்லது. அறுப்புக்கு ஒரு வாரம் முன் நிறுத்திவிட வேண்டும்.

சாக்கைப் பிரித்துப் பாருங்கள்

கருவாடோ மீன் தூளோ வாங்கினாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். மணல் அதிகமா, உப்பு கரிக்கிறதா என்று சோதியுங்கள். கருகிய நிறமுள்ள தூளை ஒதுக்குங்கள். சில வகை மீனை அளவுக்கு மீறிய சூட்டில் உலர்த்தினால் குஞ்சுக் கோழியின் இரைப்பையைப் புண்ணாக்கும் நச்சுப் பொருள் உண்டாகிறது. முழுக் கருவாடாக இருந்தால், உள்ளே இருப்பது வளர்ந்த சிறு மீனா, பெரிய மீனின் குஞ்சா என்று பாருங்கள். தெரியாவிட்டால் கடற்கரையில் பிறந்த ஒருவரைக் கேளுங்கள். குஞ்சாக இருந்தால் வியாபாரியிடம், "இது வேண்டாம், வெட்டுக் கழிவில் செய்தது இருந்தால் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். ஒருவர் சொன்னால் சிரிப்பார். ஊரே சொன்னால் சரக்கை மாற்றுவார்.

அரசினர் கவனத்துக்கு மூன்று கோரிக்கைகள். பிடிக்கத்தக்க மீன் அளவையும் மடிக் கண் அளவையும் துறைமுகத்திலேயே தினமும் சோதியுங்கள். சிறு மீனைப் பிரித்து ஐஸில் கொண்டுவரும் படகுக்கு ஊக்கத் தொகை கொடுங்கள். மீன் வடகம், மீன் கொத்து செய்யும் பெண்கள் குழுக்களுக்குக் கடலோரத்தில் மட்டுமல்ல, எங்கள் பூந்தமல்லி வட்டாரம் போன்ற உள்ளூர்ப் பகுதிகளிலும் பயிற்சியும் குளிர்சாதன வசதியும் செய்து கொடுங்கள்.

அன்று அந்த அம்மாள் சாக்கைத் திருப்பிக் கட்டிக் கடைக்கே அனுப்பிவிட்டார். "கோழிக்கு வேறு ஏதாவது போட்டுக்கொள்கிறேன் ஐயா, தம்பி வலைக்கு நாலு மீன் மிஞ்சட்டும்" என்றார். இப்போது அவர் வீட்டுக் கொல்லையில் ஒரு நீலப் பீப்பாய் நிற்கிறது. ஞாயிறு தோறும் பூந்தமல்லி மீன் கடைக்காரர் ஒரு வாளி தலையும் குடலும் ஒதுக்கி வைக்கிறார். கோழிகளுக்கு ஒரு குறையும் இல்லை.